குடியேற்றச் சோதனையில் விரைவு வழி: கேரள எல்லைப் பக்கத்துத் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாலக்காடு, சித்தூர், கொழிஞ்சாம்பாறை, மூணாறு, குமுளி, செங்கோட்டை, களியக்காவிளை ஆகிய பகுதிகளில் வாழும் தமிழர்களில் பலர் வெளிநாட்டுக்கு நெடும்பாசேரி (கொச்சி), கோழிக்கோடு அல்லது திருவனந்தபுரம் வழியாகவே செல்கிறார்கள். அந்த மூன்று விமான நிலையங்களிலும் இப்போது நம்பகப் பயணிகளுக்கான விரைவு வழி இருக்கிறது. அதைப் பற்றியும், அமெரிக்கா, வளைகுடா, சிங்கப்பூர் ஆகிய இடங்களில் அதற்கு ஒப்பாக உள்ள ஏற்பாடுகளைப் பற்றியும் எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் தரப்படுகிறது.

நம்பகப் பயணி திட்டம் என்பது என்ன?

ஒரு நாட்டின் எல்லையில் நிற்கும் அதிகாரி ஒவ்வொரு பயணியிடமும் ஒரே அளவு நேரம் செலவிடுகிறார். அடிக்கடி வந்துபோகும், எந்தச் சிக்கலும் இல்லாத பயணியும் முதன்முறை வருபவரும் அவருக்கு முன்னால் ஒன்றுதான். முன்கூட்டியே விண்ணப்பித்து, பின்னணிச் சோதனைக்கு உட்பட்டு, கைரேகையையும் முகப்படத்தையும் கொடுத்துவிட்ட பயணியை இயந்திரத்தின் வழியே அனுப்பிவிட்டால் அதிகாரியின் நேரம் மற்றவர்களுக்குக் கிடைக்கும் என்பதுதான் இத்திட்டங்களின் அடிப்படை. அமெரிக்கா 1993-லேயே கையின் வடிவத்தை அளந்து அடையாளம் காணும் இன்ஸ்பாஸ் என்ற ஏற்பாட்டை நியூயார்க், நியூவார்க் விமான நிலையங்களில் தொடங்கிப் பார்த்தது. இன்று அங்கே நடப்பிலுள்ள குளோபல் என்ட்ரி என்ற திட்டம் 2008-இல் வந்தது.

இந்தியாவின் திட்டத்துக்கு ஃபாஸ்ட் டிராக் இமிக்ரேஷன் – டிரஸ்டட் டிராவலர் புரோகிராம் என்று பெயர். உள்துறை அமைச்சகத்தின் கீழுள்ள குடியேற்றப் பணியகம் இதை நடத்துகிறது. 2024 ஜூன் 22 அன்று டெல்லியில் தொடங்கிய இத்திட்டம், 2025 ஜனவரி 16 அன்று மும்பை, சென்னை, கொல்கத்தா, பெங்களூரு, ஐதராபாத், கொச்சி, அகமதாபாத் ஆகிய ஏழு இடங்களுக்கும், 2025 செப்டம்பர் 11 அன்று திருவனந்தபுரம், கோழிக்கோடு, திருச்சிராப்பள்ளி, லக்னோ, அமிர்தசரஸ் ஆகிய ஐந்து இடங்களுக்கும் விரிந்தது. மொத்தம் 21 பெரிய விமான நிலையங்களுக்குக் கொண்டுசெல்வது என்பதே தொடக்கத்தில் அறிவிக்கப்பட்ட இலக்கு.

இதில் சேர்ந்தால் விமான நிலையத்தில் எந்த வரிசையிலும் நிற்க வேண்டாமா?

அப்படி எண்ணிச் சேர்பவர்கள்தான் பிறகு ஏமாற்றம் அடைகிறார்கள். நெடும்பாசேரியிலிருந்து துபாய்க்குப் போகும் ஒருவர், விமான நிறுவனத்தின் கவுண்டரில் பெட்டியை ஒப்படைக்க ஒரு வரிசையிலும், குடியேற்றச் சோதனைக்கு ஒரு வரிசையிலும், மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படையினரின் சோதனைக்கு ஒரு வரிசையிலும் நிற்கிறார். திரும்பி வரும்போது குடியேற்றச் சோதனை, பெட்டிக்கான காத்திருப்பு, சுங்கம் என்று மறுபடி மூன்று இடங்கள் இருக்கின்றன. இத்திட்டம் குறைப்பது குடியேற்றச் சோதனை வரிசையை மட்டுமே. மற்றவை அப்படியே இருக்கும்.

ஆகவே, போகும்போது கிடைக்கும் லாபத்தைவிடத் திரும்பும்போது கிடைக்கும் லாபமே பெரும்பாலும் அதிகம் என்பது என் கருத்து. வளைகுடாவிலிருந்து இரவோடு இரவாகப் புறப்பட்ட விமானங்கள் விடியற்காலையில் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கும்போது குடியேற்றக் கூடம் நிறைந்துவிடும். இத்திட்டத்தில் சேர்ந்து, இ-கேட் என்ற தானியங்கிக் கதவு வழியே போகிறவர் அந்தக் கூட்டத்தைத் தாண்டிவிடுகிறார். ஆனால் கைப்பையோடு மட்டும் வருகிறவருக்குத்தான் அந்த லாபம் முழுமையாகக் கிடைக்கும். மூன்று பெட்டிகளும் ஒரு டிவியும் கொண்டுவருகிறவர், சேமித்த நேரத்தைப் பெட்டி வரும் சுழல்பட்டையின் அருகில் செலவிட வேண்டியிருக்கும்.

யார் சேரலாம்? எவ்வளவு செலவாகும்?

இந்தியக் குடிமக்களும், இந்திய வம்சாவளியினருக்கு வழங்கப்படும் ஓசிஐ அட்டை வைத்திருக்கும் வெளிநாட்டுக் குடிமக்களும் சேரலாம். கட்டணம் இல்லை. விண்ணப்பிக்கும்போது பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாதங்களாவது செல்லுபடியாக வேண்டும். பதிவு அதிகபட்சமாக ஐந்து ஆண்டுகளுக்கு அல்லது பாஸ்போர்ட் காலாவதியாகும் நாள்வரை, இவற்றில் எது முந்தியதோ அதுவரை செல்லும்.

இந்தக் கடைசி விதியைக் கவனிக்காமல் விடுவது எளிது. பாஸ்போர்ட்டுக்கு இன்னும் ஓராண்டுதான் மீதம் இருக்கிறது என்றால், முதலில் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துவிட்டு அதன்பிறகு பதிவுசெய்வதே நல்லது. இல்லாவிட்டால் ஒரே வேலையை இரண்டு முறை செய்ய நேரிடும்.

எங்கள் ஊரில் ஓர் ஏஜென்சி பதிவுக்குப் பணம் கேட்கிறது. கொடுக்கலாமா?

அரசு இதற்கு ஒரு ரூபாய்கூட வாங்குவதில்லை. விண்ணப்பத்தைக் கணினியில் நிரப்பித் தருவதற்காக ஒருவர் சிறிய கூலி கேட்டால், அது அவருடைய உழைப்புக்கான கூலி. அதைக் கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் விருப்பம். ஆனால் “அரசுக் கட்டணம்” என்றோ, “சீக்கிரம் ஒப்புதல் வாங்கித் தருகிறோம்” என்றோ சொல்லிக் கேட்கப்படும் பணத்தைக் கொடுக்கத் தேவையில்லை. அப்படி விரைவுபடுத்தும் வழி எந்த ஏஜென்சியிடமும் இல்லை.

இணையத்தில் தேடும்போது உள்துறை அமைச்சகத்தின் தளம்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதன் முகவரி “டாட் கவ் டாட் இன்” என்று முடியும். வேறு எழுத்துகளில் முடியும் தளத்தில் பாஸ்போர்ட் நகலை ஏற்றுவது, அடையாளம் தெரியாதவரிடம் பாஸ்போர்ட்டையே கொடுத்துவிட்டு வருவதற்குச் சமம்.

விண்ணப்பிப்பது எப்படி?

தளத்தில் கைப்பேசி எண்ணையும் மின்னஞ்சலையும் கொடுத்துக் கணக்குத் தொடங்கி, விவரங்களை நிரப்பி, பாஸ்போர்ட்டின் முதல், கடைசிப் பக்கங்களின் நகலையும் புகைப்படத்தையும் ஏற்ற வேண்டும். ஓசிஐ அட்டைதாரர்கள் அந்த அட்டையின் நகலையும் சேர்க்க வேண்டும். சரிபார்ப்பு முடிந்து ஒப்புதல் கிடைத்தபின், கைரேகையும் முகப்படமும் கொடுப்பதற்கான அழைப்பு வரும். இவற்றை வெளிநாட்டினர் பிராந்தியப் பதிவு அலுவலகத்தில் கொடுக்கலாம். அல்லது அடுத்த பயணத்தின்போது, இத்திட்டம் நடைமுறையில் உள்ள விமான நிலையத்திலேயே கொடுக்கலாம். கேரளத்தில் அந்த அலுவலகங்கள் கொச்சி, கோழிக்கோடு, திருவனந்தபுரம் ஆகிய மூன்று நகரங்களில் இருக்கின்றன. தமிழ்நாட்டுக்குச் சென்னையில் இருக்கிறது.

அலுவலகத்தின் பெயரில் “வெளிநாட்டினர்” என்று இருப்பதைப் பார்த்துத் தயங்க வேண்டாம். இந்தப் பதிவுக்காக இந்தியக் குடிமக்களும் அங்கேதான் போகிறார்கள். குடியேற்றம் மத்திய அரசின் பொறுப்பு என்பதால் பாஸ்போர்ட்டில் தமிழ்நாட்டு முகவரி இருப்பவரும் கேரளத்து விமான நிலையத்தின் இ-கேட் வழியே செல்லலாம்.

தவறான விவரம் கொடுத்தாலோ, தெரிவிக்க வேண்டிய ஒன்றை மறைத்தாலோ விண்ணப்பம் நிராகரிக்கப்படும். கைரேகையோ முகப்படமோ தொழில்நுட்பக் காரணத்தால் பதியாவிட்டாலும் பதிவு நிறைவேறாது.

தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்த என் அம்மாவுக்குக் கைரேகை சரியாக விழுவதில்லை. என்ன செய்வது?

மூணாறு, வண்டிப்பெரியாறு பக்கங்களில் இந்தச் சிக்கல் இல்லாத குடும்பமே குறைவு. கொழுந்து பறித்தும் வயல்வேலை செய்தும் தேய்ந்த விரல்களில் ரேகை மங்கிவிடும்; ஆதார் எடுத்தபோதும் ரேஷன் கடையிலும் இதே தொல்லையை அவர்கள் பட்டிருப்பார்கள். பதிவுக்குப் போகும் முன் சில நாள்கள் இரவில் விரல்களில் தேங்காய் எண்ணெய் தடவி, பதியும் நேரத்தில் கையை நன்றாகக் கழுவித் துடைத்துக்கொண்டு போனால் சிலருக்கு ரேகை தெளிவாக விழும். அதன்பிறகும் விழவில்லை என்றால் வற்புறுத்துவதில் பயன் இல்லை. அவர் வழக்கமான கவுண்டரிலேயே போகலாம்; அதனால் அவருடைய பயண உரிமை எந்த வகையிலும் குறையாது. முதியவர்களுக்கு இ-கேட்டைவிட, விமான நிறுவனத்திடம் முன்பே கேட்டுப் பெறும் சக்கர நாற்காலி உதவியே பெரும்பாலும் அதிகப் பயன் தருகிறது.

இ-கேட்டில் உண்மையில் என்ன நடக்கிறது?

புறப்படும்போது, விமான நிறுவனம் கொடுத்த போர்டிங் பாஸை முதலில் காட்ட வேண்டும். அடுத்துப் பாஸ்போர்ட்டை வைக்க வேண்டும். திரும்பும்போதும் பாஸ்போர்ட்டை வைக்க வேண்டும். பிறகு இயந்திரம் முகத்தையும் விரலையும் பதிவில் உள்ளவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கும். பொருந்தினால் கதவு திறக்கும். கதவு திறந்தாலே குடியேற்ற அனுமதி கிடைத்ததாகப் பொருள். முப்பது வினாடிகளில் முடியும் என்று தொடங்கிவைத்தபோது சொல்லப்பட்டது. முதல்முறை போகிறவர் பாஸ்போர்ட்டைத் தலைகீழாக வைத்து, கண்ணாடியைக் கழற்றி, தொப்பியை எடுத்து எல்லாம் முடிப்பதற்குள் அதைவிடக் கொஞ்சம் கூடவே ஆகும். ஆனாலும் கவுண்டர் வரிசையோடு ஒப்பிட்டால் அது ஒரு பொருட்டல்ல.

கதவு திறக்காவிட்டால் அருகிலுள்ள அலுவலர் உங்களைக் கவுண்டருக்கு அனுப்புவார். அதற்காகவே விசா, திரும்பும் டிக்கெட், தங்குமிட விவரம் ஆகியவற்றைக் கையோடு வைத்திருக்க வேண்டும். இ-கேட் இருக்கிறது என்ற தைரியத்தில் இவற்றைப் பெட்டியில் போட்டு அனுப்பிவிடுவது கூடாது.

இதற்குச் சிப் பதித்த புதிய இ-பாஸ்போர்ட் வேண்டுமா?

வேண்டாம். பழைய பாஸ்போர்ட்டே போதும்.

டிஜி யாத்ரா செயலி வைத்திருக்கிறேன். அதுவே போதாதா?

இரண்டும் வேறு. டிஜி யாத்ரா 2022 டிசம்பர் 1 முதல் உள்நாட்டு விமானப் பயணத்துக்காக நடைமுறையில் உள்ளது; முகத்தைக் காட்டி விமான நிலைய வாசலையும் பாதுகாப்புச் சோதனைக்குள் நுழையும் இடத்தையும் கடக்கலாம். கொச்சியிலும் 2024 முதல் கோயம்புத்தூரிலும் அது இருக்கிறது. குடியேற்றச் சோதனைக்கும் அதற்கும் தொடர்பில்லை. கோயம்புத்தூரிலிருந்து டெல்லிக்குப் போய் அங்கிருந்து வெளிநாடு செல்பவருக்கு இரண்டும் தனித்தனியே பயன்படும்.

பாலக்காட்டிலிருந்து கோயம்புத்தூர் விமான நிலையம் பக்கம். ஆனால் இ-கேட் கொச்சியில்தான் இருக்கிறது. எதைத் தேர்ந்தெடுப்பது?

இ-கேட்டுக்காக விமான நிலையத்தை மாற்றாதீர்கள். கோயம்புத்தூரிலிருந்து சார்ஜா, அபுதாபி, சிங்கப்பூர் ஆகிய இடங்களுக்கு நேரடி விமானங்கள் உண்டு. அங்கே ஒரு நாளைக்கு வரும் பன்னாட்டு விமானங்கள் சிலவே என்பதால் குடியேற்ற வரிசையும் பெரிய நிலையங்களில் இருப்பதைப்போல நீள்வதில்லை. வரிசையில் அரைமணி நேரம் மிச்சப்படுத்துவதற்காகக் குதிரான் சுரங்கப்பாதையைத் தாண்டி, திருச்சூர் வழியே அங்கமாலிவரை வண்டி ஓட்டுவது கணக்குக்குச் சரிவராது.

கொச்சியைத் தேர்ந்தெடுப்பதற்கு வேறு நியாயமான காரணங்கள் இருக்கின்றன: விமானங்கள் அதிகம், நேரத்தில் தெரிவு அதிகம், கட்டணத்தில் சில சமயம் நல்ல வேறுபாடு இருக்கும். அந்தக் காரணங்களால் ஏற்கெனவே கொச்சிக்குப் போய்க்கொண்டிருப்பவர், குறிப்பாகக் கொல்லங்கோடு, நெம்மாறை, வடக்கஞ்சேரிப் பக்கத்தவர், பதிவு செய்துகொள்வது நல்லது. நாகர்கோவில், களியக்காவிளை, செங்கோட்டைப் பகுதியினருக்கு இந்தக் குழப்பமே இல்லை. மதுரையில் 2025 செப்டம்பர் வரையிலான பட்டியலின்படி இ-கேட் இல்லை, திருவனந்தபுரத்தில் இருக்கிறது.

வாளையாறு, களியக்காவிளை போன்ற மாநில எல்லைகளில் இந்தப் பதிவு உதவுமா?

உதவாது. மாநில எல்லையைக் கடக்க இந்தியக் குடிமகனுக்குப் பாஸ்போர்ட்டோ குடியேற்ற அனுமதியோ தேவையில்லை. கொரோனா காலத்தில் வாளையாறில் இ-பாஸ் காட்டிக் காத்திருந்த நினைவு பலருக்கு இருப்பதால் இந்தக் கேள்வி வருகிறது. அது தொற்றுக்காலக் கட்டுப்பாடு, இப்போது இல்லை. அந்தச் சாலையில் இன்று நேரத்தைத் தின்பது பாம்பாம்பள்ளம் சுங்கச்சாவடி. அடிக்கடி காரில் போகிறவர்களுக்கு 2025 ஆகஸ்ட் 15 முதல் (அப்போது 3,000 ரூபாய்க்கு) ஓராண்டுக்கு அல்லது 200 கடப்புகளுக்கு, எது முந்தியதோ அதுவரை செல்லும் ஃபாஸ்டாக் ஆண்டு அனுமதி கிடைக்கிறது. தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளில், வணிகப் பயன்பாட்டில் இல்லாத வாகனங்களுக்கு மட்டுமே அது பொருந்தும்.

என் பாஸ்போர்ட்டில் ஒரே பெயர்தான் இருக்கிறது. குடும்பப் பெயர்ப் பகுதி காலியாக உள்ளது. சிக்கல் வருமா?

தமிழர்களுக்கு எல்லையில் வரும் சிக்கல்களில் பெரியது இதுதான். எந்த விரைவு வழியிலும் சேரும் முன்பு இதைத்தான் சரிசெய்துகொள்ள வேண்டும் என்பேன். தந்தையின் பெயரை முதலெழுத்தாக மட்டும் எழுதும் நம் வழக்கத்தால் பலருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இல்லை. சிலருக்கு முதலெழுத்து விரிந்து முழுப்பெயராகிறது; சிலருக்கு அது விடுபடுகிறது. இந்தியாவின் இ-கேட்டுக்குப் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரை நிரப்பினால் போதும். பள்ளிச் சான்றிதழிலோ ஆதாரிலோ உள்ளபடி எழுதக் கூடாது. விமான டிக்கெட்டிலும் அதே எழுத்துகள் இருக்க வேண்டும்.

ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா, வருகை விசாக்களில் அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. பிறகு, பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்கப்படும் என்று விளக்கம் வந்தது. கணவரைப் பார்க்கச் சார்ஜாவுக்குப் போகும் ஒரு பெண்ணை விமான நிறுவனத்தின் கவுண்டரிலேயே திருப்பி அனுப்பிவிடும் அளவுக்கு இது கடுமையானது. அவர் இ-கேட் வரைக்கும் போகவே மாட்டார்.

அமெரிக்க விசாவில் வேறொரு விதமாக நடக்கிறது. குடும்பப் பெயர் இல்லாதவரின் சொந்தப் பெயரைக் குடும்பப் பெயர்ப் பகுதியில் அச்சிட்டு, சொந்தப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் “எஃப்என்யு” (முதல் பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்ற மூன்று எழுத்துகளைப் போடுகிறார்கள். அதன்பிறகு ஓட்டுநர் உரிமம், வங்கி, குளோபல் என்ட்ரி என்று ஒவ்வோர் இடத்திலும் அந்த மூன்றெழுத்து பின்தொடரும். வெளிநாட்டுப் பயணம் உறுதி என்று தெரிந்தவுடனேயே, விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன்பு, தந்தை பெயரையோ வேறு பெயரையோ குடும்பப் பெயராகச் சேர்த்துப் பாஸ்போர்ட்டை மறுவெளியீடு செய்துகொள்வது நீண்ட காலத்துக்கு நல்லது.

முதன்முறையாக வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறேன். பத்தாம் வகுப்பு முடிக்கவில்லை. இ-கேட்டில் போகலாமா?

உங்கள் பாஸ்போர்ட் குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் வகையைச் சேர்ந்தது. வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட குறிப்பிட்ட நாடுகளுக்கு வேலைக்குச் செல்லும் முன், இ-மைகிரேட் என்ற அரசு இணையதளம் வழியாக, குடிபெயர்ந்தோர் பாதுகாவலர் என்ற மத்திய அரசு அதிகாரியின் அனுமதி பெறுவது கட்டாயம். கொச்சி, திருவனந்தபுரம், சென்னை ஆகிய இடங்களில் அவருடைய அலுவலகங்கள் உள்ளன. நம்பகப் பயணிப் பதிவு அந்த அனுமதிக்கு மாற்று ஆகாது. முதல் பயணத்தில் கவுண்டருக்கே போய், அனுமதியையும் வேலை ஒப்பந்தத்தையும் அதிகாரியிடம் காட்டுங்கள். சுற்றுலா விசாவில் போய் அங்கே வேலைக்கு மாறிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால், எந்த அனுமதியைத் தவிர்ப்பதற்காக அவர் அப்படிச் சொல்கிறார் என்று யோசித்துப் பாருங்கள். பாதுகாவலரின் அனுமதி இருக்கும்போது ஒப்பந்தமும் காப்பீடும் பதிவில் இருக்கும். சம்பளம் நின்றால் கேட்பதற்கு ஆள் இருக்கும்.

என் மேல் வழக்கு ஒன்று நிலுவையில் இருக்கிறது. விண்ணப்பிக்கலாமா?

விவரத்தை மறைத்து விண்ணப்பிக்கக் கூடாது. தேடுதல் அறிவிப்பு (லுக்அவுட் நோட்டீஸ்) உள்ளவர்களைக் குடியேற்றப் பணியகம் எந்த வழியில் வந்தாலும் நிறுத்தும்; இ-கேட் அதற்கு விலக்கு அல்ல. அமெரிக்காவின் குளோபல் என்ட்ரியில் விதி இன்னும் வெளிப்படையானது: தண்டனை பெற்றவர்கள் மட்டுமல்லாமல், நிலுவையில் குற்றவழக்கு உள்ளவர்களும் தகுதியற்றவர்களாகக் கருதப்படலாம். வழக்கறிஞரைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

அமெரிக்காவில் உள்ள மகளைப் பார்க்கப் போகிறோம். குளோபல் என்ட்ரி இந்தியர்களுக்குக் கிடைக்குமா?

2017 ஜூலை முதல் இந்தியக் குடிமக்களும் விண்ணப்பிக்கலாம். ஆனால் இந்தியத் திட்டத்தைப் போல இது எளிதும் அல்ல, இலவசமும் அல்ல. விண்ணப்பக் கட்டணம் 2024 அக்டோபர் 1 முதல் 120 டாலர். நிராகரிக்கப்பட்டாலும் திரும்பக் கிடைக்காது. அமெரிக்கச் சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறையின் தளத்தில் விண்ணப்பித்த பிறகு, இந்தியத் தரப்பிலும் பின்னணிச் சரிபார்ப்பு நடக்க வேண்டும். அதற்குப் பாஸ்போர்ட் சேவா தளத்தில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். காவல்துறை விசாரணையும் உண்டு. பிறகு அமெரிக்க அதிகாரியின் நேர்காணல். முன்னொப்புதல் கிடைத்தவர்கள், அமெரிக்காவில் இறங்கும் பல பெரிய விமான நிலையங்களில் வருகையின்போதே அந்த நேர்காணலை முடித்துக்கொள்ளலாம். உறுப்பினர் தகுதி ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். விசா தனியே வேண்டும். குளோபல் என்ட்ரி விசாவுக்கு மாற்று அல்ல.

ஓராண்டில் ஒருமுறை, அதுவும் பேரப்பிள்ளை பிறக்கும் சமயத்தில் மட்டும் போகும் பெற்றோர்களுக்கு இது தேவையில்லை என்றே சொல்வேன். வேலை நிமித்தமாக ஆண்டுக்குப் பலமுறை போகிறவர்களுக்கு இது பயன் தரும். அவர்களுக்கும் பெரிய லாபம் எல்லையில் மட்டும் இல்லை: குளோபல் என்ட்ரி உறுப்பினர் எண்ணை அமெரிக்க உள்நாட்டு விமானப் பதிவில் கொடுத்தால், டிஎஸ்ஏ பிரீசெக் என்ற விரைவுப் பாதுகாப்பு வரிசையும் கிடைக்கிறது. அங்கே காலணியையும் மடிக்கணினியையும் வெளியே எடுக்க வேண்டியதில்லை.

குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் தனித்தனி உறுப்பினர் தகுதி வேண்டும், கைக்குழந்தைக்கும் சேர்த்து. பெற்றோரில் ஒருவர் உறுப்பினராக இருந்தால் அல்லது உடன் விண்ணப்பித்தால், 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை.

பணம் செலவழிக்காமல் அமெரிக்க வரிசையைத் தவிர்க்க வேறு வழி உண்டா?

உண்டு. 2014 ஜனவரி முதல் அபுதாபி விமான நிலையத்தில் அமெரிக்க எல்லைத் துறையின் முன்னனுமதிக் கூடம் இயங்குகிறது. கொச்சியிலிருந்தோ திருவனந்தபுரத்திலிருந்தோ அபுதாபி வழியாகச் செல்பவர்கள் அமெரிக்கக் குடியேற்றச் சோதனையையும் சுங்கச் சோதனையையும் அங்கேயே முடித்துவிட்டு, அமெரிக்காவில் உள்நாட்டுப் பயணியைப் போல இறங்கலாம். முதன்முறை போகும், ஆங்கிலம் தடுமாறும் பெற்றோர்களுக்கு இந்த வழியை நான் அதிகம் பரிந்துரைக்கிறேன். ஒரு நிபந்தனை: இடையில் போதிய நேரம் இருக்கும்படி டிக்கெட் எடுக்க வேண்டும். சோதனை முடியும் முன் விமானம் போய்விட்டால் இந்த வசதியே தொல்லையாகிவிடும்.

பச்சை அட்டை (கிரீன் கார்டு) வைத்திருப்பவர்களும் அமெரிக்கக் குடிமக்களும் மொபைல் பாஸ்போர்ட் கன்ட்ரோல் என்ற இலவசச் செயலியைப் பயன்படுத்தலாம். அதற்கு முன்பதிவோ நேர்காணலோ தேவையில்லை.

குளோபல் என்ட்ரி இருந்தால் சுங்கத்தில் கேள்வி கேட்கமாட்டார்களா?

கேட்பார்கள், இன்னும் கண்டிப்பாகக் கேட்பார்கள் என்றுகூடச் சொல்லலாம். அறிவிக்காமல் கொண்டுபோன ஒரு பழத்துக்காக உறுப்பினர் தகுதியே ரத்தாகலாம். நம் பக்கத்தில் இது வெறும் கோட்பாட்டு எச்சரிக்கை அல்ல. ஏப்ரல், மே மாதங்களில் முதலமடை மாம்பழம் இல்லாமல் மகள் வீட்டுக்குப் போக மனம் வராது; கறிவேப்பிலைக் கொத்தும் முருங்கைக்கீரையும் புடவை மடிப்புக்குள் போவதுண்டு. பச்சைக் கறிவேப்பிலை, எலுமிச்சை வகை மரங்களைத் தாக்கும் நோயையும் அதைப் பரப்பும் பூச்சியையும் கொண்டுசெல்லக்கூடியது என்பதால் அமெரிக்காவில் தடைசெய்யப்பட்டது. மாம்பழம், விதைகள், இறைச்சி வகைகள் ஆகியவற்றிலும் கை வைக்காமல் இருப்பதே நல்லது. நேந்திரங்காய் வறுவல், சர்க்கரை வரட்டி, முறுக்கு போன்ற பொரித்த பண்டங்களைக் கொண்டுபோகலாம். ஆனால் எதைக் கொண்டுபோனாலும் உணவுப்பொருள் இருக்கிறது என்று அறிவித்துவிடுங்கள். அறிவித்த பொருளை எடுத்து எறிந்தால் பொருள் மட்டும் போகும். மறைத்தால் அபராதமும் வரும்.

இந்தியா திரும்பும்போதும் இ-கேட் சுங்கத்துக்குப் பொருந்தாது. வரியில்லாமல் அனுமதிக்கப்படும் அளவுக்கு மேல் தங்கமோ வேறு வரிக்குரிய பொருளோ இருந்தால் சிவப்பு வழியில்தான் போக வேண்டும்.

சிங்கப்பூருக்கும் இப்படி எங்காவது பதிவு செய்ய வேண்டுமா?

வேண்டாம். 2024 முதல் அங்கே முன்பதிவு இல்லாமலே வெளிநாட்டுப் பயணிகள் தானியங்கி வழியில் போகலாம். வந்து இறங்குவதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் வருகை அட்டையை இணையத்தில் நிரப்பியிருக்க வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. விசா தேவைப்படும் இந்தியர்களுக்கு விசாவும் வேண்டும்.

சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்ற என் அண்ணன் ஓசிஐ அட்டை வைத்திருக்கிறார். அவருக்கு இந்திய இ-கேட் பயன்படுமா?

பயன்படும். அவர் தம் சிங்கப்பூர்ப் பாஸ்போர்ட்டையும் ஓசிஐ அட்டையையும் கொண்டு விண்ணப்பிக்கலாம். பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தால் ஓசிஐ தளத்தில் புதிய பாஸ்போர்ட்டின் நகலையும் புகைப்படத்தையும் ஏற்ற வேண்டிய கடமை வயதைப் பொறுத்துச் சிலருக்கு உண்டு: இருபது வயது வரை ஒவ்வொரு புதிய பாஸ்போர்ட்டுக்கும், ஐம்பது வயதுக்குப் பின் ஒருமுறையும். இதை முடித்துவிட்டு நம்பகப் பயணிப் பதிவுக்குப் போவது நல்லது.

கைரேகையையும் முகத்தையும் அரசிடம் கொடுப்பது பாதுகாப்பா?

சேர்வது கட்டாயம் அல்ல. தயக்கம் உள்ளவர் சேராமல் இருக்கலாம், கவுண்டர் எப்போதும் இருக்கும். ஆனால் பாஸ்போர்ட் சேவா மையத்தில் விரல்ரேகை கொடுத்தவர், அமெரிக்க விசாவுக்குப் பத்து விரல்களையும் பதித்தவர், இந்தப் பதிவில் மட்டும் தயங்குவதற்குப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை. என் கவலையெல்லாம் இடையில் நிற்பவர்களைப் பற்றியதே. விண்ணப்பத்தை வேறொருவர் நிரப்பினால், கணக்குக்கு உங்கள் சொந்தக் கைப்பேசி எண்ணும் மின்னஞ்சலும்தான் கொடுக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். கடைக் கணினியில் விட்டுவந்த பாஸ்போர்ட் நகலை அழிக்கச் சொல்லுங்கள்.

அடுத்த வாரம் பயணம். இப்போது விண்ணப்பித்தால் கிடைக்குமா?

சரிபார்ப்பு ஒரு வாரத்தில் முடியும் என்று நம்பிப் பயணத்தைத் திட்டமிட வேண்டாம். வழக்கம்போல மூன்று மணிநேரம் முன்னதாகவே விமான நிலையத்துக்குப் போங்கள். ஆனாலும் இன்றே விண்ணப்பித்துவிடுவதில் நட்டம் இல்லை. புறப்படுவதற்குள் ஒப்புதல் செய்தி வந்துவிட்டால் கைரேகையையும் முகப்படத்தையும் விமான நிலையத்திலேயே கொடுத்துவிடலாம். அதற்காக மட்டும் இன்னும் அரைமணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். வராவிட்டால் திரும்பி வந்தபின் கொச்சி, கோழிக்கோடு அல்லது திருவனந்தபுரம் அலுவலகத்தில் நேரம் கேட்டுப் பெறலாம்.